விமன்ஸ் டேக்கு பசங்க கையால கார்டு செய்யப்போறாங்க, எழுத்து தெரியாத ஆயாவுக்கு உள்ள என்ன எழுதறது?

டியூஷன் அக்கா, குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்துல வீட்லயே டியூஷன் எடுக்கறேன், நாலாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பசங்க வராங்க. மார்ச் 8 வருதே, இந்த தடவை ஆளுக்கு ஒரு கார்டு கையாலயே செஞ்சு, அவங்க பார்த்து "இவங்கள மாதிரி வரணும்"னு நினைக்கற ஒரு பொம்பளைக்கு குடுக்கட்டும்னு சொல்லிட்டேன். அம்மா, ஆயா, அத்தை, சத்துணவு ஆயா, தெருவுல இருக்கற நர்சக்கா, யாரா வேணா இருக்கலாம். பசங்களுக்கு குஷி தாங்கல, வெட்டறது ஒட்டறதுன்னா அன்னிக்கு கணக்கு கிடையாதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

சிக்கல் எழுதறதுலதான். உள்ள என்ன எழுதப்போறீங்கன்னு முதல்ல ஒரு ரஃப் பேப்பர்ல எழுதிக்கினு வாங்கன்னு அனுப்பினா முக்கால்வாசி பேர் ஒரே லைனோட வந்து நிக்கறாங்க. "பொறுமையின் சிகரமே, தியாகத்தின் திருவுருவமே". எல்லாம் போன்ல தேடி எடுத்தது. ஒரு பையன் அதை அவன் ஆயா கிட்ட சத்தமா படிச்சு காட்டியிருக்கான், அந்தம்மா "யார்ரா செத்துட்டாங்க, எப்ப எடுக்கறாங்களாம்"னு கேட்டாங்களாம்!

அதுவும் இல்லாம பாதி பசங்களோட ஆயாங்களுக்கு எழுத்து தெரியாது. பீடி சுத்தறவங்க, தறி வீட்ல நூல் சுத்தறவங்க, மேச்சஸ், அதான் தீப்பெட்டி கம்பெனி வேலைக்கு போனவங்க. அவங்களுக்கு கார்டுல என்ன போடறது? அம்மாங்க நிறைய பேர் ஷூ கம்பெனிக்கு போறாங்க, பஸ் வந்து இறங்கறப்பவே இருட்டிடும், வந்த உடனே அடுப்பு. ஒரு பையனுக்கு அம்மா இல்ல, பெரியம்மாதான் வளர்க்கறாங்க, அவன் மனசு நோகாம இதை எப்படி சொல்றதுன்னும் தெரியல. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச, ஊருக்கே பெருமையான டாக்டர் ஐடா ஸ்கடர் மாதிரி ஆளுங்களுக்கும் கார்டு செய்ய வைக்கலாமா, இல்ல அது ஸ்கூல் ப்ராஜெக்ட் மாதிரி ஆயிடுமா?

இன்னொன்னு, கைவேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஃபெவிகால் போட்டா பேப்பர் அப்பளம் மாதிரி நெளிஞ்சுக்குது. பட்ஜெட் ரொம்ப கம்மி, என் கைக்காசுதான்.

பத்திரிகை அடிக்கறவன், வேலூர்

அக்கா, எழுதறத பத்தி மத்தவங்க சொல்லட்டும், நான் பேப்பர் ஒண்டி சொல்றேன். லாங் பஜார் பக்கம் கல்யாண பத்திரிகை அடிக்கற பிரஸ்ல இருக்கேன், அட்டையோடவே பொழப்பு.

நீங்க பசங்களுக்கு ஜெராக்ஸ் பேப்பர் குடுத்திருப்பீங்க, அது 70, 75 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் அத்தனை கிராம் எடை. அதுல ஃபெவிகால் வெச்சா நெளியாம இன்னா பண்ணும், ஃபெவிகால்ல தண்ணி இருக்கு, தண்ணிய குடிச்ச நார் உப்பிக்கும், ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் உப்பாம இருந்தா சுருட்டிக்கும், அவ்ளோதான் சங்கதி. கார்டுக்கு 250ல இருந்து 300 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு, அதான் வழவழன்னு இருக்கற தடி அட்டை வேணும். மேல ஒட்டற கலர் பேப்பர், துணி, பூவுக்கெல்லாம் டபுள் சைடு டேப் இல்லனா க்ளூ ஸ்டிக். ஃபெவிகால்தான் கீதுன்னா விரல்ல ஒரு சொட்டு எடுத்து ஓரமா மட்டும் இழுத்து விட்டு, ஒட்டின உடனே ரெண்டு தடி புக்குக்கு நடுவுல வெச்சு ராத்திரி பூரா அழுத்தி வெச்சுடுங்க. ஃபேனுக்கு கீழ காய வெக்காதீங்க, அப்பதான் ரொம்ப முறுக்கிக்கும்.

அடுத்தது மடிக்கறது, முக்கால்வாசி பேர் இதைத்தான் கண்டுக்க மாட்டாங்க. அட்டைக்கு ஒரு ஓட்டம் இருக்கு, கிரெய்ன்னு சொல்லுவோம். ஷீட்ட கையில புடிச்சு முதல்ல நீளவாக்குல லேசா வளைச்சு பாருங்க, அப்பால குறுக்கால வளைச்சு பாருங்க, ஒரு பக்கம் ஈசியா வளையும், இன்னொரு பக்கம் விறைப்பா நிக்கும். ஈசியா வளையற பக்கமே மடிங்க. எதிர்ல மடிச்சா மடிப்பு மேல வெள்ளை வெள்ளையா வெடிச்சு நார் தெரியும், என்ன அழகா வரைஞ்சிருந்தாலும் கார்டு பழசு மாதிரி ஆயிடும். மடிக்கறதுக்கு முன்ன இங்க் தீந்த பால்பாயிண்ட் பேனாவால ஸ்டீல் ஸ்கேல் வெச்சு ஒரு கோடு அழுத்தி இழுக்கணும், நாங்க மிஷின்ல கிரீசிங் போடறோமே அதே வேலைதான். கோடு போட்ட பக்கம் மடிப்புக்கு வெளிப்பக்கமா வரணும்.

காசு குடுத்து முழு ஷீட் வாங்காதீங்க. எந்த பிரஸ்ல கேட்டாலும் கட்டிங் வேஸ்ட் கிடைக்கும், ஓரத்துல வெட்டி எடுத்த பீஸ், பத்திரிகை கலர் எல்லாம் இருக்கும், மஞ்சள், மெரூன், தங்க பார்டர் போட்டது. கைநிறைய அள்ளிக்கினு போலாம், பசங்க கார்டுக்கு அது தாராளம்.

ஆம்பூர் ஸ்டிச்சிங்

டீச்சர், ஷூ கம்பெனி அம்மாங்கன்னு எழுதியிருந்தீங்க, அதான் பதில் போடறேன், நான் அதே லைன்லதான் இருக்கேன். மார்ச் 8 அன்னிக்கு எங்களுக்கு ஒரு ரோஜா, ஒரு சாக்லேட், ஒரு குரூப் போட்டோ, அப்பால திரும்ப மிஷின். வேணாம்னு சொல்லல, சாக்லேட்ட என் பொண்ணுக்கு எடுத்துக்கினு வந்து குடுக்கறேன், அவ அதுக்காகவே காத்துக்கினு இருப்பா. ஆனா அந்த ரோஜா லைன்ல இருக்கற எல்லாருக்கும் ஒண்ணுதான். எனக்குன்னு ஒண்ணும் இல்ல அதுல.

பசங்கள அம்மா கிட்ட போய் "உன் வேலை என்னம்மா"ன்னு கேக்க சொல்லுங்க. ஷூ கம்பெனின்னு சொல்லி விட்டுட கூடாது, உள்ள எதுன்னு கேக்கணும். கட்டிங்கா, ஸ்கைவிங்கா, ஃபோல்டிங்கா, ஸ்டிச்சிங்கா, ஃபினிஷிங்கா. என் பொண்ணுக்கு ரொம்ப நாளா நான் ஷூ தைக்கறேன்னுதான் தெரியும், ஒரு ஷூவுல மேல்பாகம் மட்டுமே எத்தனை துண்டு சேர்ந்து வருதுன்னு ஒரு நாள் அவ ஸ்கூல் ஷூவ வெச்சே காட்டினேன், நாக்கு தனி, பக்கவாட்டு தனி, உள் லைனிங் தனின்னு, கண்ண விரிச்சா பாருங்க. அன்னிக்கு அவளுக்கு என் மேல வந்த மரியாதை எந்த கவிதையிலயும் வராது.

தோல் துண்டு கொஞ்சம் கிடைச்சா கார்டுல ஒட்டலாம், எங்க ஊர் பக்கம் அதுக்கா பஞ்சம். ஆனா அப்படியே ஒட்டினா கார்டு மூடாது, தடிச்சு நிக்கும். லைனிங் தோல் எடுங்க, அது மெல்லிசு. தடி தோல்தான் கிடைக்குதுன்னா ஓரத்த சரிவா சீவணும், மடிக்கற இடத்துலயும் ஒட்டற இடத்துலயும் முண்டு தெரியாம இருக்கறதுக்கு நாங்க மிஷின்ல சீவறோமே அதான் ஸ்கைவிங். வீட்ல பெரியவங்க ப்ளேடால சீவி குடுங்க, பசங்க கையில ப்ளேடு வேணாம். தோல் ஒட்டற சொல்யூஷன் டப்பாவும் பசங்க கிட்ட வேணாம், அந்த வாசனை தலைவலி. டபுள் சைடு டேப்பே புடிச்சுக்கும்.

அம்மா இல்லாத பையன் விஷயம், "அம்மாவுக்கு கார்டு"ன்னு யாருக்குமே சொல்லாதீங்க, முடிஞ்சுது. "உனக்கு தலை வாரி விட்டது யாரு, சைக்கிள் ஓட்ட கத்து குடுத்தது யாரு, ஜுரம் வந்தா ராத்திரி முழிச்சிருக்கறது யாரு"ன்னு எல்லார் கிட்டயும் கேளுங்க, அவன் வாய்லயே பெரியம்மான்னு வந்துடும், தனியா அவனுக்குன்னு எதுவும் மாத்த வேணாம்.

லேட்டா வர்ற அம்மாவுக்கு கார்ட கையில குடுக்க வேணாம். காலைல கட்டற சாப்பாட்டு பையில வெச்சுடுங்க. மத்தியானம் டப்பா திறக்கறப்ப பக்கத்துல பத்து பேர் இருப்போம், எல்லாரும் வாங்கி வாங்கி படிப்போம். வீட்ல குடுத்தா "சரி கண்ணு, அங்க வெய்யி"ன்னு சொல்லிட்டு குக்கர் வெக்க போயிடுவோம், உண்மைய சொல்றேன்.

ரிடயர்டு சார், ராணிப்பேட்டை

டீச்சரம்மாவுக்கு வணக்கம். எங்க காலத்துல பொங்கலுக்கு பொங்கல் வாழ்த்து வாங்கி அனுப்புவோம், கரும்பு, மாடு, சூரியன் படம் போட்டது, பெட்டிக்கடை வாசல்ல கயிறு கட்டி தொங்க விட்டிருப்பாங்க. அதுலயும் உள்ள அச்சடிச்ச நாலு வரிய யாரும் படிக்க மாட்டாங்க, பின்னாடி கையால "அத்தை, மாமா சௌக்கியமா, கன்னுக்குட்டி எப்படி இருக்கு"ன்னு எழுதியிருக்கறததான் தேடி படிப்பாங்க. அதனால உங்க பசங்க அந்த சிகரம், திருவுருவத்தை எல்லாம் விட்டுடலாம்.

ஐடா ஸ்கடர் பத்தி கேட்டீங்க. செய்ய வைங்க, ஆனா ஆளுக்கு ஒண்ணு வேணாம், எல்லாரும் சேர்ந்து சுவத்துல மாட்ட ஒண்ணு. அந்தம்மா பொறந்தது எங்க ராணிப்பேட்டையிலதான், 1870 டிசம்பர் 9. சின்ன வயசுல டாக்டர் வேலையே வேணாம்னு இருந்தவங்க. திண்டிவனத்துல அப்பா வீட்ல தங்கியிருந்தப்ப ஒரே ராத்திரியில மூணு பேர் அடுத்தடுத்து வந்து தன் பொண்டாட்டிக்கு பிரசவம் பார்க்கணும்னு கூப்பிட்டாங்க. அப்பா டாக்டர்தான், ஆனா ஆம்பளை டாக்டர் தொடக்கூடாதுன்னு அவரை வேணாம்னுட்டாங்க, இவங்களோ டாக்டர் இல்ல. மூணு பொம்பளைங்களும் செத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போய் டாக்டருக்கு படிச்சு, 1899ல முடிச்சு, 1900ல வேலூர்ல ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பிச்சாங்க. 1902ல ஷெல் ஆஸ்பத்திரி, 1909ல நர்ஸிங் ஸ்கூல், 1918ல பொம்பளைங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல். ஆம்பளை பசங்களுக்கு அங்க எம்.பி.பி.எஸ். சீட் 1947லதான், இதை சொன்னா உங்க கிளாஸ் பொண்ணுங்க கை தட்டும். கார்டுல அவங்க முகத்தை காப்பி அடிச்சு வரைய வேணாம், பசங்களுக்கு மூக்கு வராது, அழுவாங்க. வெள்ளை அட்டையில ஒரு கட்டில் வரைஞ்சு கீழ 1900னு போட்டா போதும்.

மேரி வர்கீஸ் டாக்டரையும் பசங்களுக்கு சொல்லுங்க, நிறைய பேருக்கு தெரியாது. கேரளாக்காரங்க, சிஎம்சியில படிச்சவங்க. 1954ல ஒரு வண்டி விபத்துல இடுப்புக்கு கீழ உணர்ச்சி போயிடுச்சு. சக்கர நாற்காலியில உக்காந்துக்கினே தொழுநோயாளிங்களோட மடங்கிப் போன கைவிரல்களுக்கு ஆபரேஷன் செஞ்சாங்க. கைக்கு ஆபரேஷன் உக்காந்துதானே செய்யறது, அதனால முடிஞ்சுது. 1966ல வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் தொடங்கினாங்க, 1972ல பத்மஸ்ரீ. பாட்டு புடிக்கற பசங்க இருந்தா வாணி ஜெயராம், அவங்க பொறந்ததும் வேலூர்தான், 1945ல.

மார்ச் 8 எப்படி வந்துதுன்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. 1910ல கோபன்ஹேகன்ல உழைக்கற பொம்பளைங்க மாநாட்டுல கிளாரா ஜெட்கின் வருஷத்துக்கு ஒரு நாள் வேணும்னு கேட்டாங்க. 1917ல ரஷ்யாவுல துணி மில் பொம்பளைங்க ரொட்டி கேட்டு ரோட்டுக்கு வந்ததும் இதே மார்ச் 8தான். ஐ.நா. சபை கொண்டாட ஆரம்பிச்சது 1975ல. அதனால தறி வீட்டு ஆயாவுக்கும் ஷூ கம்பெனி அம்மாவுக்கும் கார்டு குடுக்கறதுதான் பொருத்தம், ரோஜாவெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கினது.

பேர்ணாம்பட்டு தம்பி

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். பீடி சுத்தற ஆயாவுக்குன்னா பசங்க பீடிய வரைவாங்களே, அது சரியா? நாலாவது படிக்கற புள்ள புகையிலை படம் போட்டு வாழ்த்து சொல்றது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அதுக்கு பதிலா பூ, கோலம்னு ஏதாவது பொதுவா போட்டுடலாமே.

வாணியம்பாடி நிலா

தம்பி, உங்க பயம் புரியுது, ஆனா பொதுவா போட்டுடலாம்னு சொன்னீங்க பாருங்க அது ஒண்டி ஒத்துக்க மாட்டேன். எங்க ஆயா பீடி சுத்திதான் எங்கம்மாவ படிக்க வெச்சாங்க. ஆயிரம் சுத்தினாதான் கூலி, கரண்ட் இல்லாத ராத்திரி வாசல்ல உக்காந்து தெருவிளக்கு வெளிச்சத்துல சுத்துவாங்க, இருமல் வேற. அவங்களுக்கு ரோஜா படம் போட்டு குடுத்தா அவங்க வாழ்ந்தது எங்க போச்சு அதுல?

பீடிய வரைய வேணாம். கைய வரைங்க. ஆயா கைய அட்டை மேல வெக்க சொல்லி பென்சிலால சுத்தி கோடு போட்டா படமும் ஆச்சு, ஆயாவும் கார்டு செய்யறதுல சேர்ந்துட்டாங்க. கட்டை விரல் நகம் வளர்த்திருப்பாங்க, முனைய மடக்கி விடறதுக்கு, அதை மறக்காம வரைய சொல்லுங்க, பார்த்த உடனே தன் கைன்னு தெரிஞ்சிடும், எழுத்தே வேணாம். மடியில முறம், முறத்துல ஊற வெச்ச இலை, அளவு தகடு, கத்திரி. அந்த இலைய தகடு வெச்சு வெட்டற அளவுலயே பச்சை பேப்பர் வெட்டி ஒட்டலாம், ஆயாவையே வெட்டி குடுக்க சொல்லுங்க, நீங்களும் நானும் ஒண்ணு வெட்டறதுக்குள்ள அவங்க அஞ்சு வெட்டி போட்டிருப்பாங்க. கார்ட ரிப்பன் வெச்சு கட்டாம அவங்க கட்டற நூலாலயே ரெண்டு சுத்து சுத்தி கட்டுங்க. முடிச்சே போட மாட்டாங்க, ஒரு இழுப்புல சொருகி விடுவாங்க, நிக்கும். பசங்க அதை கத்துக்கறதுக்குள்ள ஆயா சிரிச்சே ஓஞ்சிடுவாங்க.

உள்ள எழுதறதுக்கு ஒரு கேள்வி சொல்றேன் டீச்சர், எங்க வீட்ல நான் கேட்டு பார்த்தது. "நீ மொதோ மொதல்ல வாங்குன கூலில என்ன வாங்குன?" இதை கேட்டா எந்த பொம்பளையும் சும்மா இருக்க மாட்டாங்க, கட கடன்னு வரும். அதை அப்படியே எழுதிட்டு, குடுக்கறப்ப புள்ள சத்தமா படிச்சு காட்டணும். பட்டு பார்டர் ஒட்டணும்னு யாராவது ஆசைப்பட்டா ஆரணி சேலை கிழிஞ்சது வீட்ல இருக்கான்னு பாருங்க, ஆனா வெட்டின ஓரத்துல இழை பிரிஞ்சுக்கினே வரும், அரை இஞ்ச் உள்ள மடிச்சு டேப் போட்டு ஒட்டுங்க. நைலான் மாதிரி மெழுகுவத்தில காட்டினா உருகி நிக்காது, பட்டு கருகிடும்.

பேர்ணாம்பட்டு தம்பி

கை வரையறது நல்லா இருக்கு க்கா. நான் இப்படி யோசிக்கல.

டியூஷன் அக்கா, குடியாத்தம்

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நேத்து பசங்கள அந்த கூலி கேள்விய கேட்டுக்கினு வர சொல்லி அனுப்பினேன். இன்னிக்கு கிளாஸே நடக்கல, கதையா கொட்டுது. ஒருத்தியோட அத்தை மொதோ சம்பளத்துல தம்பிக்கு பரிட்சை ஃபீஸ் கட்டினாங்களாம், அந்த தம்பிதான் இவளோட அப்பாவாம், அது அவளுக்கு இன்னிக்குதான் தெரியும். ஒருத்தனோட அம்மா தனக்குன்னு ஒண்ணும் வாங்கலன்னு சொல்லிட்டு, அப்பால மெதுவா, பஸ் ஸ்டாண்டு கிட்ட தனியா உக்காந்து ஒரு ஃபலூடா சாப்ட்டேன், யார் கிட்டயும் சொல்லாதன்னாங்களாம். அவன் அதைத்தான் கார்டுல வரையப்போறானாம், வேணாம்டான்னா கேக்க மாட்டேங்கறான், நான் விட்டுட்டேன்.

"யார்ரா செத்துட்டாங்க" பையன் எழுதினத அப்படியே போடறேன், எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்: "ஆயா, நீ மொதோ கூலில எவர்சில்வர் தூக்கு வாங்குனியாமே. அதுலதான் நான் தினம் பால் வாங்கறேன். ஒரு தடவை கீழ போட்டேன், நசுங்குச்சு, நீ அடிக்கல. இன்னும் ஓட்டை விழல." இதுல நான் கை வெக்க ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன்.

பெரியம்மா பையன் யாருக்குன்னு நான் கேக்கவே இல்ல, தலை வாரி விட்டது யாருன்னு கேட்ட உடனே முதல் ஆளா கை தூக்கினான்.

ஐடா அம்மா கட்டில் கார்டு எட்டாவது பொண்ணுங்க எடுத்துக்கினாங்க. பிரஸ் அண்ணா, ரெண்டு சந்தேகம். ஒரு பொண்ணோட சித்தி திருப்பூர்ல இருக்காங்க, தபால்ல அனுப்பணும், என்ன சைஸ் செய்யறது? அட்டை வாங்க எப்ப வரலாம்?

பத்திரிகை அடிக்கறவன், வேலூர்

அக்கா, தபாலுக்குன்னா ஏ4 முழுசா மடிக்காதீங்க. 300 ஜிஎஸ்எம் ஏ4 ஒரு ஷீட்டே கிட்டத்தட்ட 19 கிராம் வரும், கவரோட சேர்த்தா 20 தாண்டிடும், தாண்டினா அடுத்த ரேட்டு ஸ்டாம்ப். கம்மியா ஒட்டி அனுப்பினா குறையற காசுக்கு ரெட்டிப்பா சித்தி கிட்டதான் வாங்குவாங்க, வாழ்த்து அனுப்பிட்டு அவங்க பர்ஸ்ல கை வெச்ச கதையா ஆயிடும். ஏ4ஐ பாதியா வெட்டி, அந்த பாதிய மடிங்க, 105க்கு 148 மில்லிமீட்டர் வரும், எடையும் பாதி. மேல தோல் துண்டு, மணி, குந்தன் எதுவும் வேணாம், தபால்ல முத்திரை குத்தறப்ப அதுவே அட்டைய ஓட்டை பண்ணிடும். தட்டையா கை படம் போதும்.

அட்டைக்கு முகூர்த்த நாளுக்கு முன்னாடி நாள் மட்டும் வராதீங்க, எங்களுக்கு தலை சொறிய நேரம் இருக்காது. மத்த நாள் மூணு மணிக்கு மேல வாங்க, ஒரு கட்டைப்பை எடுத்துக்கினு வாங்க. பசங்கள இட்டுக்கினு வரதா இருந்தா வாசல்லயே நிக்க வெய்ங்க, கட்டிங் மிஷின் ஓடிக்கினு இருக்கும். மெரூன் பீஸ் இப்பவே ஒரு பக்கமா எடுத்து போட்டு வெக்கறேன், அது எப்பவும் முதல்ல காலியாயிடும்.